அஞ்சு கட்டை

போன வாரம் எங்கள் வீட்டுச் சுவர் முனகியது.

சிரிக்காதீர்கள். இப்போது நான் பதுளையில் மகள் வீட்டில் இருக்கிறேன், பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிற இடம். மகளுடைய மகள் கிட்டார் பழகுகிறாள். பழகி முடித்தால் அதைச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுவாள். நான் அதன் கீழே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்குமா? மாதா பாட்டு ஒன்றை எடுத்தேன். முதல் இழுப்பை இழுத்து மூச்சுக்காக நிறுத்தினேன். நான் நிறுத்திவிட்டேன், சத்தம் நிற்கவில்லை. தலைக்கு மேலே “ம்ம்ம்” என்று மெல்லிசாக ஒன்று இழுத்துக்கொண்டே இருந்தது.

பேத்தி போனைக் கீழே வைத்தாள்.

“அம்மாயி, நீங்களா?”

“நான் நிறுத்திட்டேனே.”

“அப்ப யாரு?”

“ஒன் மூணாவது கம்பி. தொட்டுப் பாரு, நடுங்கும்.”

தொட்டாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. போனில் எதையோ திறந்து அந்தக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். போனில் பச்சை எரிந்தது.

“ஜீ காட்டுது அம்மாயி. நீங்க ஜீல பாடுறீங்க.”

“ஜீயோ என்னமோ. எங்க வீட்ல அதுக்கு அஞ்சு கட்டைன்னு பேரு.”

சொன்ன மாத்திரத்தில் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போனது. சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த வயதில் இரண்டும் ஜோடியாகத்தான் வருகின்றன, உங்களுக்கும் அப்படித்தானே?

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல இவள்தான் எழுதுகிறாள். நான் “வந்துச்சு” என்றால் “வந்தது” என்று போடுகிறாள். போடட்டும், படித்த பிள்ளை. ஆனால் ஆட்கள் பேசினதை அவர்கள் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன். செத்தவர்கள் வாயில் புத்தகத் தமிழைத் திணித்தால் அவர்களுக்கே அடையாளம் தெரியாது.

என் வயதுக்காரர்களுக்குக் கட்டை என்றால் விளக்க வேண்டாம். இப்போதுதான் கிலோமீட்டர். அப்போது ரோட்டோரம் மைலுக்கு ஒரு கல் நட்டிருக்கும், அதுதான் கட்டை. ஹல்துமுல்லை டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏழு கட்டை. மூன்றாம் கட்டையில் ரொட்டிக் கடை. அந்தக் கடைக்காரர் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போட்டதாகச் சொல்வார், ஒரு துண்டு மாசியை யாரும் கண்ணால் கண்டதில்லை. நாலாம் கட்டையில் பாலம். அஞ்சாங்கட்டையில் பழைய மயானம்.

அந்த மயானத்தில் யாரையும் அடக்கி வெகுகாலம் ஆகியிருந்தது. கடல் தாண்டி முதன்முதலில் காடு வெட்ட வந்த ஆட்கள் காய்ச்சலில் விழுந்தபோது அங்கேதான் போட்டார்களாம். பெயரில்லை, சிலுவையில்லை, மேடு மேடாக மானாப் புல் மட்டும் நிற்கும். அந்த வளைவு வந்தால் பொம்பளைகள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். பஸ்ஸில் போனால்கூடப் பேச்சு நின்றுவிடும். எங்கள் ஆட்களுக்குத் தோட்டத்து மாதா கோயிலுக்குப் பின்னால் வேறு மயானம் இருந்தது. அம்மாவின் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் படுத்திருந்தார்கள். எங்களுக்கும் அங்கேதான் இடம் என்று எல்லாருக்கும் தெரியும்.

என் மாமாவை மட்டும் அஞ்சாங்கட்டையில் புதைத்தார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் கட்டாதவர், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவிலேயே எங்களோடு இருந்தார். ஒரே அறை, நடுவில் ஒரு சாக்குத் திரை. பெக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் காது மடலில்கூட தூள் இருக்கும். பக்கத்தில் போனால் தேயிலை மணக்கும், அதற்குள்ளே குங்கிலியம் மணக்கும். குங்கிலியம் பிடில் வில்லுக்குத் தேய்ப்பது. சின்ன வயதில் பண்டாரவளையில் ஒரு பாட்டுக்காரர் வீட்டில் சமையல் வேலைக்கு நின்றாராம். அங்கே சட்டி கழுவிக்கொண்டே கேட்டுக் கேட்டுப் பழகினது அந்தப் பிடில். கோயில் திருநாளுக்கு வாசிப்பார், கல்யாணத்துக்கு வாசிப்பார். ஆனால் அவருக்குப் பிடித்தது சாயந்தரம். குப்பி லாம்பு கொளுத்தி, செபம் சொல்ல உட்காருவோம். அம்மா பாட்டை எடுப்பாள். மாமா காதைக் கொடுத்துக் கேட்டு, பிடில் தலையிலிருக்கிற மர ஆணிகளைத் திருகித் திருகி, அம்மா நிற்கிற இடத்துக்குக் கம்பிகளைக் கொண்டுவந்து சேர்ப்பார். “பாடுங்கக்கா” என்பார், அவ்வளவுதான். அது என்ன இடம், அதற்கு என்ன பெயர் என்று அவர் சொன்னதுமில்லை, அம்மா கேட்டதுமில்லை. அவள் பாடி முடித்த பிறகு கம்பிகளை மறுபடியும் இறக்கித் தன் குரலுக்கு வைத்து, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் வாசிப்பார்.

அம்மாவின் குரல் மலை முழுக்கத் தெரிந்த குரல். கொழுந்து மலையில் அவள் பாடினால் கங்காணிகூடக் கத்த மாட்டார். “பாடட்டும், கை வேகமா போகுது” என்பார்.

அந்த வருடம் அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரு சண்டை. தம்பிக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள், கொஸ்லந்தைப் பக்கத்துப் பெண். மாமா வேண்டாம் என்றுவிட்டார்.

“ஏன்டா, அந்தப் புள்ளைக்கு என்ன கொற?”

“கொற எனக்குத்தான்க்கா. நெஞ்சு சரியில்ல.”

“நெஞ்சு சரியில்லாதவன் ராவு பகலா இத இழுக்கிறியே? அப்ப இந்தப் பிடிலையே கட்டிக்கிட்டு அழு. என் கண்ணு முன்னால இருக்காத, எங்கயாச்சும் போ!”

கோபத்தில் சொல்வதுதானே. உங்கள் வீட்டில் சொல்லாததா? மாமா சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் கோழியைக் கூட்டில் அடைத்தார். ஆனால் நெஞ்சு உண்மையிலேயே சரியில்லை. மழை பிடித்ததும் இருமல் பிடித்தது. இருமலோடு காய்ச்சல் வந்தது. ஒரு சாயந்தரம் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரி ஐயா வந்து நாடி பார்த்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, “உபதேசியாருக்குச் சொல்லிவிடுங்கோ” என்றார். அவர் யாழ்ப்பாணத்து ஆள், மெதுவாகத்தான் பேசுவார்.

உபதேசியார் வந்தார். சாமியார் மாதம் ஒரு தரம்தான் வருவார், மற்ற நாளெல்லாம் இவர்தான் எங்களுக்குச் செபம் சொல்கிறவர். நல்ல மனிதர், குரல்தான் தகரம். அறை முழுக்க ஆட்கள். மாமா கண்ணை மூடிக் கிடந்தார். பிடில் சுவரில் ஆணியில் தொங்கியது. கால்மாட்டில் நான் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்ணெண்ணெய் வாசம், தைல வாசம். உபதேசியார் அப்பாவிடம் குசுகுசுவென்று, “எங்க அடக்கம் வைக்கிறதா யோசனை?” என்று கேட்டது எனக்கே கேட்டது. உயிரோடு கிடக்கிறவருக்குக் கேட்டிருக்காதா?

அம்மா பாட்டை எடுத்தாள். அழுகை தொண்டையை அடைத்ததால் வழக்கமான இடத்தில் எடுக்க முடியவில்லை. கீழே, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி எடுத்தாள். இரண்டு வரி போயிருக்கும். மாமா வலது கை விரலை மட்டும் தூக்கினார். புருவம் சுருங்கியது.

“அஞ்சு கட்டை…” என்றார். மூச்சு வாங்கினார். “அஞ்சு கட்டையில வைங்க.”

பாட்டு நின்றது. விரல் இறங்கியது. பிறகு அவர் பேசவில்லை.

உபதேசியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “கேட்டீங்கதானே? அவரே எடத்தச் சொல்லிட்டார்.”

செத்தவர் கடைசி வார்த்தையை மீறுகிற ஆட்கள் இல்லை நாங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இரண்டு கட்டை தூரம் ரோட்டோடு நடந்தார்கள். அப்பா முன்னால் தூக்கினார். மானாப் புல்லை வெட்டி, யாரென்று தெரியாதவர்களுக்கு நடுவில் குழி வெட்டினார்கள். பக்கத்துக் காம்பரா அத்தை வரும் வழியெல்லாம், “கன்னி கழியாத ஆம்பள, அங்கன எவளோ கூப்பிட்டுருக்கா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் புருஷன், “நீ கூப்பிட்டே நான் வரமாட்டேங்கிறேன், பேய் கூப்பிட்டா போவானா? வாய மூடு” என்றான். சாவு வீட்டிலும் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

அம்மா சிரிக்கவில்லை. திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து, “என் கண்ணு முன்னால இருக்காதன்னேன். அதான் எங்க அப்பன் ஆத்தா பக்கத்துல கூடப் படுக்க மாட்டேன்னுட்டுப் போயிட்டான்” என்றாள்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அந்த ஒரு முள்தான். தம்பி அக்காவிடம் கோபித்துக்கொண்டு போனான். அம்மா அதை யாரிடமும் கேட்க முடியாது. கேட்க வேண்டிய ஆள் அஞ்சாங்கட்டையில் இருந்தார்.

பிறகுதான் அது ஆரம்பித்தது.

துக்கம் முடிந்து முதல் தரம் அம்மா செபத்துக்குப் பாட்டெடுத்தாள். இப்போது அழுகை இல்லை, வழக்கமான குரல். ஒரு வரி பாடி நிறுத்தினாள். சுவரில் தொங்கின பிடில் “ம்ம்ம்” என்றது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. லாம்பு வெளிச்சத்தில் அதன் நிழல் சுவரில் நீளமாக, கழுத்து நெடுத்த ஆள் மாதிரி தொங்கியது.

“எலியா இருக்கும்” என்றார் அப்பா.

அம்மா மறுபடி எடுத்தாள். மறுபடியும் “ம்ம்ம்.” அவள் முகம் போன போக்கை இப்போதும் என்னால் சொல்ல முடியாது. சந்தோஷம் வந்து, உடனே செத்துப்போனது.

பனி மூட்டமாக இருந்த நாட்களில் அது பேசாது. வெயில் அடித்த நாள் சாயந்தரம் பேசும். அதுவே பயத்தைக் கூட்டியது. பேய்க்கு நல்ல நாள் கெட்ட நாள் உண்டு என்று அத்தை சொன்னாள். ஒன்று மட்டும் எங்களுக்கு நிச்சயமானது. அப்பா பேசினால் அது பேசாது. நாங்கள் செபம் சொன்னால் பேசாது. அம்மா பாடினால் மட்டும் முனகும். அம்மா அதற்கு ஒரே அர்த்தம்தான் வைத்துக்கொண்டாள்: “என் பாட்டு வேணாங்கிறான்.”

உபதேசியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்தார்கள். அவர் சுவருக்கு நேராக நின்று தன் தகரக் குரலில் ஒரு முழுப் பாட்டுப் பாடினார். பிடில் வாயே திறக்கவில்லை.

“பாத்தீங்களா, போயிட்டார்” என்று வெற்றியோடு சொல்லி, பிளேன்டீயைக் குடித்து, கிண்ணத்தைக் கீழே வைத்தார். அம்மா பழக்கத்தில் கடைசி “ஆமென்”னை இழுத்தாள். பிடில் முனகியது. உபதேசியார் செருப்பைத் தேடின வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வாசலில் நின்றபடியேதான் தீர்ப்புச் சொன்னார். “பொருளுக்குரியவர் கேக்கிறார். கல்லறைத் திருநாளன்னிக்குக் கொண்டுபோய் அவர் குழியிலயே வச்சிருவோம்.”

அம்மா சரி என்றாள். அதோடு பாடுவதையும் விட்டாள். வீட்டில் மட்டுமில்லை, மலையிலும் விட்டாள். கைப்பிள்ளையான என் தம்பிக்குத் தாலாட்டு இல்லாமல் தூக்கம் வராது, அவன் அழுது அழுது காம்பராவே அதிரும். அம்மா அவனை மடியில் போட்டு வாயை இறுக்கிக்கொண்டு ஆட்டுவாள். நான் ஆட்டுகிறேன் என்றால் கொடுக்க மாட்டாள்.

எனக்கு அந்தப் பிடில் மேல் ஆசை. பயம் இருந்தது, ஆசை அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பெரியவர்கள் போன பிறகு, தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டு வந்து அதை இறக்குவேன். மாமா மாதிரியே கீழே உட்கார்ந்து, தலைப்பக்கத்தைப் பாதத்தில் ஊன்றி, வில்லை இழுப்பேன். பூனையை மிதித்த சத்தம் வரும். வெறும் கம்பியில் சத்தம் கொஞ்சம் நன்றாகவே வரும். விரல் வைத்தால்தான் கெடும். எங்கே வைப்பது? கம்பிக்கடியில் இருக்கிற கறுப்புப் பலகையில் கோடு கிடையாது, புள்ளி கிடையாது. இருட்டில் படி இறங்குகிற மாதிரி. இப்போது பேத்தியின் கிட்டாரில் கோடு கோடாக வைத்திருக்கிறார்கள், கொடுத்துவைத்த பிள்ளைகள்.

எனக்கு வழி காட்டினது ஒரு உடைந்த கை.

டிஸ்பென்சரி ஐயாவின் சம்சாரத்தை நாங்கள் டிஸ்பென்சரி அம்மா என்போம். அவருக்கு இடது மணிக்கட்டு எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. தோட்டத்துக்கே கட்டுப் போடுகிறவர் தன் பெண்சாதி கையை இப்படி விட்டுவிட்டாரே என்று லயத்தில் ஒரு சிரிப்பு உண்டு. அந்தக் கையால் ஆர்மோனியத்துக்குக் காற்று அடிக்க முடியாது. அதனால் சாயந்தரம் சாயந்தரம் என்னைக் கூப்பிடுவார். நான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து துருத்தியை அடிப்பேன், அவர் ஒரு கையால் வாசித்துக்கொண்டு பாடுவார். கூலி ஒரு தேத்தண்ணியும், ஓலைக் குட்டானிலிருந்து ஒரு துண்டு பனங்கட்டியும். அந்தப் பனங்கட்டியை நான் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேரும்வரை கரைய விடமாட்டேன்.

“பிள்ளை, நித்திரையே? காத்து இறங்குது, அடி!” என்பார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவருக்குத் துருத்தி, அவ்வளவுதான். துருத்திக்கும் காது உண்டு என்று அவர் யோசித்ததில்லை. “ஸ, ரி, க, ம, ப” என்று அவர் ஒரு விரலால் ஏறுவதை எதிர்ப்பக்கமிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். ஸ-வையும் ப-வையும் சேர்த்து அமுக்கினால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும், சத்தத்தில் ஒரு சொரசொரப்பும் இருக்காது. அது எனக்குக் கன்னத்துப் பனங்கட்டியைவிடப் பிடிக்கும்.

ஒரு நாள் கல்லறைத் திருநாளுக்குக் கொஞ்சம் முந்தி, கீழே ரோட்டிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். “ஏஏய் புள்ளேஏஏ…” உங்கள் அம்மாமார் மலையிலிருந்து கூப்பிடுவார்களே, அந்த மாதிரி.

டிஸ்பென்சரி அம்மாவின் விரல் தன்பாட்டில் போய் ஒரு வெள்ளைப் பலகையை அமுக்கியது. அம்மா குரலும் பெட்டிச் சத்தமும் ஒன்றாக நின்றன. அவர் சிரித்துவிட்டார்.

“உன்ர அம்மா கூப்பிடேக்கயும் சுருதி பிசகேல்லை, பாத்தியே? நல்ல சுத்தமான அஞ்சு கட்டை.”

என் கை நின்றுவிட்டது. பெட்டி முனகி அடங்கியது.

“அஞ்சாங்கட்டையா?”

“அஞ்சு கட்டை.”

“அது மயானம்லங்க அம்மா?”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? இஞ்ச பார். இந்தப் பலகைதான் கட்டை. இதிலயிருந்து எண்ணு. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு. எந்தக் கட்டையை ஸ எண்டு வைச்சுப் பாடுறமோ அதுதான் சுருதி. பொம்பிளையளுக்கு அஞ்சு, அஞ்சரை. ஆம்பிளையளுக்கு ஒண்டு, ஒண்டரை. ‘அஞ்சு கட்டையில வையுங்கோ’ எண்டால் சுருதியை அதில வை எண்டு அர்த்தம். மயானமாம்!”

நான் எழுந்து ஓடிவிட்டேன். அன்றைய பனங்கட்டியைக்கூட வாங்கவில்லை.

அம்மாவோடு வீட்டுக்கு நடக்கும்போது வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. முதலில் எனக்கே நிச்சயம் வேண்டும். மறுநாள் காலை வீடு காலியானதும் பிடிலை இறக்கினேன். நல்ல வெயில் நாள். மாமா தன் குரலுக்கு இறக்கி வைத்தபடியே கம்பிகள் இருந்தன. ஆம்பளைக் குரல், ஒரு கட்டை. தடித்த கம்பியைத் தட்டினேன், அது ஸ. அடுத்ததைத் தட்டினேன். ஸ, ரி, க, ம என்று வாய்க்குள்ளேயே ஏறிப் போய்ப் பார்த்தால், அது ப. ஒரு கட்டைக்கு ப எது? எண்ணிப் பாருங்கள், அஞ்சாவது பலகை. அதுதான் அஞ்சு கட்டை. அம்மா நிற்கிற இடம். தம்பியின் ப-வும் அக்காவின் ஸ-வும் ஒன்று.

பிடிலை மறுபடி சுவரில் மாட்டினேன். கிட்டே நின்று அம்மா மாதிரி “ஆஆ” என்றேன். நிறுத்தினேன். “ம்ம்ம்.” வேறு இடத்தில் எடுத்தேன். பேச்சில்லை. மறுபடி அம்மாவின் இடத்தில் எடுத்தேன். “ம்ம்ம்.” விரலால் தொட்டுப் பார்த்தேன், அந்த ப கம்பிதான் நடுங்கியது. நான் பாடினாலும் நடுங்குகிறது. அந்த இடத்தைத் தொட்டு யார் பாடினாலும் நடுங்கும். பனி நாளில் பிடிலின் மர ஆணி ஊறி, கம்பி இடம் மாறிவிடும், அதனால்தான் பேசாமல் இருந்தது.

சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? நான் அந்தச் சாணி மெழுகின தரையில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை மாமா வீட்டில்தான் இருந்தார். பேயாகவாவது இருந்தார். இப்போது சுவரில் வெறும் கம்பி.

அழுது முடித்து வில்லை எடுத்தேன். இப்போது கோடு இல்லாத பலகையில் எனக்குக் கோடு தெரிந்தது. ஸ கம்பியில் விரலை நகர்த்திக்கொண்டே போனால், அடுத்த கம்பியின் வெறும் சத்தம் எந்த இடத்தில் வருகிறதோ, அங்கே ப. இந்த முனை தெரியும், அந்த முனை தெரியும். நடுவில் மூன்று பேர்தான் உட்கார வேண்டும். பூனை சத்தம் போடுவதை நிறுத்தியது.

அன்று சாயந்தரம் அப்பாவிடம் சொன்னேன், அம்மா தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போயிருந்த நேரம். கட்டையைச் சொன்னேன், ஸ-வையும் ப-வையும் சொன்னேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல் கேட்டார். சுருட்டு தானாக அணைந்தது.

“இத ஒங்கம்மாகிட்ட சொன்னியா?”

“இல்லப்பா.”

“சொல்லாத.”

“ஏம்ப்பா? மாமா கோவிச்சுக்கிட்டுப் போகலன்னு…”

“கோவிச்சுக்கிட்டுப் போகல, சரி. அப்ப அவன அங்க கொண்டுபோய்ப் போட்டது யாரு? நான். மொத தோளு என் தோளு.” அணைந்த சுருட்டைத் தரையில் வைத்தார். “பொதைச்ச ஆளத் தோண்டியா எடுக்க முடியும்? ஒரு முள்ளப் புடுங்கிட்டு இன்னொரு முள்ளக் குத்தவா? பேசாம இரு.”

இப்போது அவர் வயதைத் தாண்டி நான் எவ்வளவோ தூரம் வந்துவிட்டேன். அப்போது அவருக்கு முப்பதுதான் இருக்கும். பாவம், பிள்ளை. அன்றைக்கு மட்டும் அவரைக் கல் நெஞ்சு என்று நினைத்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. எல்லாரும் கோயிலுக்குப் பின்னால் மெழுகுதிரி ஏற்றினார்கள். எங்கள் வீடு மட்டும் காலையில் ரோட்டில் நடந்தது. அம்மா பிடிலை மாமாவின் வேட்டியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மாரோடு அணைத்து வந்தாள். பிள்ளையை நான் தூக்கி வந்தேன். அப்பா தோளில் மம்பட்டி. உபதேசியார் குடையோடு. அத்தை வேடிக்கை பார்க்க வந்தாள், கேட்டால் துணைக்கு வந்தேன் என்பாள்.

மாமாவின் மேட்டில் புல் முளைத்துவிட்டிருந்தது. அதற்குள் மற்ற மேடுகளிலிருந்து பிரித்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அப்பா ஓரத்தில் சின்னக் குழி வெட்டினார். வெட்டி, மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். உபதேசியார் செபம் சொல்லிவிட்டு, “ஒரு பாட்டு எடுங்கம்மா, முடிச்சிருவோம்” என்றார்.

அம்மா எத்தனையோ நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். கீழே, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி எடுத்தாள். அன்றைக்கு எடுத்த அதே இடம். இரண்டு வரி போயிருக்கும்.

“அப்பிடி இல்ல” என்றார் அப்பா.

எல்லாரும் திரும்பினோம்.

“அஞ்சு கட்டையில எடு.”

அம்மாவுக்கு விளங்கவில்லை. “என்னங்க சொல்றீங்க?”

“அன்னிக்கும் நீ இப்பிடித்தான் எறக்கி எடுத்த. அவன் காதுக்குப் பொறுக்கல. சுதிய ஏத்தி வைங்கன்னான். ஒன் சுதி அஞ்சு கட்டையாம். அவன் ஒன்னையத்தான் சொன்னான், நான்தான் எடத்தச் சொன்னான்னு தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.” மம்பட்டிக் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். “புள்ளையக் கேளு. அவளுக்குத் தெரியும்.”

நான் தம்பியை அத்தையிடம் கொடுத்தேன். பிடிலின் வேட்டியை விலக்கி, ஸ கம்பிக்கு ப நிற்கிறதா என்று தட்டிப் பார்த்து, கொஞ்சம் இறங்கியிருந்த ப ஆணியை அழுத்தித் திருகினேன். மறுபடி அம்மாவின் மாரிலேயே வைத்தேன். “அம்மா, சும்மா, மலையில என்னையக் கூப்புடுவீங்களே, அப்பிடி ஒரு தடவ கூப்புடுங்க.”

அம்மா என்னைக் கூப்பிடவில்லை. மேட்டைப் பார்த்து, “தம்பீஈஈ” என்று கூப்பிட்டாள்.

நிறுத்தியதும் பிடில் அவள் நெஞ்சிலேயே முனகியது. அவளுக்கு அது காதில் கேட்டதைவிட எலும்பில் கேட்டிருக்கும். அத்தை சிலுவை போட்டாள். அம்மா அசையவில்லை. அது அடங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு அவள் வாய் கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அஞ்சாங்கட்டை மயானத்தில் ஒரு மனுஷி சிரித்தது அதுவே முதல் தரமாக இருக்கும்.

“சாகப்போற நேரத்துலயும் எனக்கு நொட்ட சொல்லிட்டுத்தான் போனியாடா?”

சிரித்துக்கொண்டே அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றது. சுற்றிலும் பார்த்தாள். மேடு மேடாக, பெயரில்லாத ஆட்கள்.

“அப்ப ஒன்னைய இங்கன, யாருமில்லாத எடத்துல…” என்றாள். அப்பா சொன்ன இரண்டாவது முள் அதுதான். அது அவள் உயிரோடிருந்தவரை போகவில்லை.

உபதேசியார் குடை நுனியால் காட்டி, “அப்ப இந்தக் குழி?” என்று கேட்டார்.

“மூடுங்க” என்றாள் அம்மா. பிடிலை என் மடியில் வைத்தாள். பிறகு தன் குரலில், தன் இடத்தில், பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். ரோட்டில் போன ஒரு லொறி நின்று கேட்டுவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் எங்களுக்குக் கல்லறைத் திருநாள் இரண்டு இடத்தில். கோயிலுக்குப் பின்னாலிருந்து தன் அப்பா அம்மா மேட்டு மண்ணில் ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொண்டு போய் அம்மா அங்கே போடுவாள். நான் பிடில் வாசித்தேன், கோயில் திருநாளுக்கு, கல்யாணத்துக்கு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஸ-வும் ப-வும் எங்கே என்று தெரிந்தவளுக்கு மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே வந்தது. வில்லை முதலில் கறையான் தின்றது. பிறகு ஒரு மழையில் பிடிலின் ஒட்டு விட்டு முதுகு தனியாகக் கழன்றது. ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிப் போனவர் கொண்டுவரவேயில்லை. ஆணி மட்டும் சுவரில் இருந்தது, அதில் அம்மா செபமாலையை மாட்டிவைத்தாள்.

அம்மா கிழவியாகி, அதே காம்பராவில் படுத்தாள். நாங்கள் எல்லாரும் சுற்றி இருந்தோம். அப்பா எப்போதோ கோயிலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். நான் பாட்டெடுக்க வாயைத் திறந்தேன். அவள் விரலைத் தூக்கினாள்.

“அஞ்சு கட்டை” என்றாள்.

தம்பியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் குனிந்து அவள் காதில் கேட்டேன்.

“அம்மா, தெளிவா சொல்லிருங்க. பாட்டா, மண்ணா? ஒரு தடவ தப்பா வெளங்கிக்கிட்டது போதும்.”

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அந்தக் கண்ணில் சிரிப்பு இருந்தது.

“ரெண்டுந்தான்டி.”

நான் எடுத்தேன். இறக்காமல், அவள் இடத்திலேயே எடுத்தேன். ஒரு வரி பாடி நிறுத்தினேன். சுவரில் பிடில் இல்லை, ஆணியும் செபமாலையும்தான். இருந்தாலும் நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.